நெட்வொர்க்கை ஸ்கேன் செய்யச் சொன்னால் அனுமதித் தாளும் கொடுங்கள்

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். பினாங்கின் பாயான் லெப்பாஸ் தொழிற்பேட்டையில் பதினெட்டு வருடமாக நெட்வொர்க் டெக்னீஷியனாக வேலை செய்கிறேன். போன மாதம் ஒரு மத்தியானம் என் அக்கா மகன் போன் செய்தான். “மாமா, ஆபீஸ் பிரிண்டர் நிற்காம பேப்பர் தள்ளுது. முதலாளி போலீசுக்குப் போறேங்கிறார். கொஞ்சம் வாங்க.”

அவன் தனியார் கல்லூரி ஒன்றில் நெட்வொர்க்கிங் படிக்கிறான். வாரத்தில் இரண்டு நாள் பட்டர்வொர்த்தில் ஒரு கணக்காளர் அலுவலகத்தில் பகுதிநேர வேலை. வகுப்பில் கொடுத்த அசைன்மெண்ட் இதுதான்: ஏதாவது ஒரு நெட்வொர்க்கை என்மேப் என்ற மென்பொருள் கொண்டு போர்ட் ஸ்கேன் செய்து, அதாவது அதிலுள்ள கருவிகளின் போர்ட்டுகளை (தகவல் வந்துபோகும் எண்ணிட்ட வாசல்களை) ஒவ்வொன்றாகத் தட்டிப் பார்த்து, திறந்திருப்பவற்றை அட்டவணை போட்டுத் தர வேண்டும். யாருடைய நெட்வொர்க், யாரைக் கேட்டுச் செய்வது என்று ஒரு சொல் இல்லை. பையன் வேலை செய்யும் இடத்திலேயே போட்டுப் பார்த்துவிட்டான்.

பல பிரிண்டர்கள் 9100-ஆம் போர்ட்டில் எது வந்தாலும் அச்சடித்துவிடும். அதனால்தான், எந்தப் போர்ட்டில் என்ன சர்வீஸ் ஓடுகிறது என்று சில சொற்களை அனுப்பி விசாரிக்கும்போது என்மேப் அதைத் தானாகவே ஒதுக்கிவிடும். இவன் இணையத்தில் கிடைத்த ஒரு கட்டளையை அப்படியே போட்டிருக்கிறான். எதையும் ஒதுக்காதே என்ற ஆப்ஷனும் அதில் இருந்தது. நான் பாலம் கடந்து போய்ச் சேர்வதற்குள் தட்டு நிறையத் தாள். ஒரு தாளில் ஆங்கிலத்தில் ‘ஹெல்ப்’ என்ற ஒரே சொல். அது என்மேப் வழக்கமாக அனுப்பிப் பார்க்கும் சொற்களில் ஒன்று. ஆனால் ஊரார் வருமான வரிக் கணக்கையெல்லாம் வைத்திருக்கிற மனிதர் அதைப் பார்த்துப் பயப்படாமல் என்ன செய்வார்? அவர் மேல் எனக்குத் துளியும் வருத்தமில்லை.

மலேசியாவின் 1997-ஆம் ஆண்டுக் கணினிக் குற்றச் சட்டத்தை எடுத்துப் படித்தேன். அனுமதி இல்லை என்று தெரிந்தும், ஒரு கணினியில் உள்ள தகவலை எட்டும் நோக்கத்தோடு எதையாவது இயக்கினால் 50,000 ரிங்கிட் வரை அபராதம், 5 ஆண்டு வரை சிறை, அல்லது இரண்டும் என்கிறது 3-ஆம் பிரிவு. 7-ஆம் பிரிவில் அதற்கான முன்னேற்பாடும் குற்றம்தான். உள்ளே நுழையவில்லை, எது திறந்திருக்கிறது என்று மட்டும் பார்த்தான் என வக்கீல் வாதாடலாம். சரி. ஆனால் பத்தொன்பது வயதுப் பையன் தன் நோக்கம் நல்லதுதான் என்று எதைக் காட்டி நிரூபிப்பான்?

எங்கள் தொழிற்சாலையில் நானே ஸ்கேன் செய்வதென்றாலும் எந்த ஐபி முகவரிகள் (நெட்வொர்க்கில் கருவிகளை அடையாளம் காட்டும் எண்கள்), எந்தத் தேதி, எத்தனை மணி முதல் எத்தனை மணி வரை, ஏதாவது நின்றுபோனால் யாருக்கு போன் செய்வது என்று எழுதி, மேலாளரிடம் கையெழுத்து வாங்கிய பிறகுதான் கீபோர்டைத் தொடுவேன். பழைய மெஷின் கன்ட்ரோலர்கள் வேகமான ஸ்கேனைத் தாங்காமல் அப்படியே உறைந்துபோவதுண்டு. படிப்பு முடிந்து வேலைக்கு வரும் பிள்ளைகள் முதலில் கற்க வேண்டியது அந்த ஒரு பக்கத் தாளை எழுதுவதைத்தான். அதை விட்டுவிட்டு அட்டவணைக்கு மட்டும் மதிப்பெண் போடுவது எனக்குச் சரியாகப் படவில்லை.

வெளி நெட்வொர்க்கைத் தொட வேண்டிய அவசியமே இல்லை. ஒரே லேப்டாப்பில் இரண்டு மூன்று விர்ச்சுவல் மெஷின் (கணினிக்குள் மென்பொருளாக ஓடும் தனிக் கணினி) வைத்தால் வகுப்புக்குப் போதும். வெளியே ஒன்றைப் பார்த்தே ஆக வேண்டும் என்றால், பழகுவதற்கென்றே என்மேப் குழுவினர் ஸ்கேன்மீ என்ற சர்வரைத் திறந்து வைத்திருக்கிறார்கள். நாளுக்குச் சில தடவைக்கு மேல் வேண்டாம் என்று அவர்களே அளவும் சொல்லியிருக்கிறார்கள்.

போலீஸ் புகார் வரை போகவில்லை. பையனுக்கு வேலை போனது. இப்போது என் வீட்டுச் சாப்பாட்டு மேசையில் இரண்டு பழைய லேப்டாப், அவற்றை இணைக்க ஒரு நெட்வொர்க் ஸ்விட்ச். சனிக்கிழமைதோறும் வந்து பழகுகிறான். முதல் நாள் அவனை எழுத வைத்த அனுமதித் தாளில் நான்தான் ‘உரிமையாளர்’ என்று கையெழுத்துப் போட்டேன்.

இங்குள்ள கல்லூரிகளில் நெட்வொர்க்கிங் நடத்தும் நம் விரிவுரையாளர்கள் தங்கள் வகுப்பில் இதை எப்படிச் செய்கிறார்கள் என்று இந்தப் பகுதிக்கு எழுதினால் நன்றியோடு படிப்பேன்.

நெட்வொர்க் டெக்னீஷியன் ஒருவர்,
பாயான் பாரு, பினாங்கு