பாதியில் நிறுத்தியதற்கும் நன்றி

என் தங்கை இதய ஆபரேஷன் முடிந்து வீடு திரும்பி இன்றோடு 19 நாள். நேற்று நடுவில் எங்கேயும் உட்காராமல் மாடிப்படி ஏறிவிட்டாள். இதைச் சொல்ல வேண்டியவர்கள் நிறைய பேர் இருக்கிறீர்கள், அதனால் எல்லோருக்கும் சேர்த்தே எழுதுகிறேன்.

முதலில், இதயத்தை ஸ்கேன் செய்து பார்த்த எக்கோ டாக்டருக்கு. மூச்சு வாங்குகிறது என்று போன இடத்திலெல்லாம் ஆஸ்துமா என்று இன்ஹேலர் கொடுத்து அனுப்பினார்கள், இரண்டு வருடம் அப்படியே போனது. நீங்கள்தான் "வலது பக்கம் இவ்வளவு பெருத்திருக்கு, சும்மா இருக்காது" என்று தொண்டை வழியாகக் குழாய் விட்டும் பார்த்து, சிடி ஸ்கேனும் எடுக்கச் சொன்னீர்கள். சைனஸ் வீனோசஸ் என்ற பெயரையே அன்றுதான் கேட்டோம். இதயத்தின் மேலறைகளுக்கு நடுவில் விழும் ஓட்டைகளில் நூற்றுக்கு 5 முதல் 10 வரைதான் இந்த வகையாம். உடம்பின் மேல் பாதி ரத்தத்தை இதயத்துக்குக் கொண்டு வரும் மேல் பெருஞ்சிரை வந்து சேரும் இடத்தில் ஓட்டை, போதாததற்கு வலது நுரையீரலிலிருந்து இடது பக்கம் போக வேண்டிய நல்ல ரத்தமும் அந்தச் சிரைக்குள்ளேயே கொட்டிக்கொண்டிருந்தது.

அப்புறம், ரத்தக்குழாய் வழியாகவே இதயத்துக்குள் போய்ச் சிகிச்சை செய்யும் கேத் லேப் டாக்டர். சாதாரண ஓட்டை என்றால் குடை மாதிரி விரியும் கருவியால் அடைக்கலாம், இதில் மேல் விளிம்பே இல்லாததால் அதற்குப் பிடிமானம் கிடையாது, ஸ்டென்ட் என்ற உறை போர்த்திய வலைக் குழாயைச் சிரைக்குள் வைத்தால் அதன் சுவரே ஓட்டையை மறைக்கும், நுரையீரல் ரத்தம் அதற்குப் பின்பக்கமாக இடது அறைக்குப் போய்விடும் என்று பேனா மூடியை விரல்களுக்கு நடுவில் செருகிக் காட்டினீர்கள். நெஞ்சைத் திறக்க வேண்டாம் என்றதும் அதையே கெட்டியாகப் பிடித்துக்கொண்டோம். "முதலில் பலூன் விரித்துப் பார்ப்பேன், நுரையீரல் சிரை நசுங்கினால் அதோடு நிறுத்திவிடுவேன்" என்று நீங்கள் சொன்னது எங்கள் காதில் ஏறவே இல்லை.

சொன்னபடியே நிறுத்தினீர்கள். வெளியே வந்து அம்மா பக்கத்தில் உட்கார்ந்து, "ஸ்டென்ட்டை வைத்திருந்தால் ஓட்டை மூடியிருக்கும்மா, ஆனால் நுரையீரல் ரத்தத்துக்கு வழி அடைபட்டிருக்கும்" என்றீர்கள். எனக்கு அப்போது கோபம்தான் வந்தது, உங்களிடம் முகம் கொடுத்தே பேசவில்லை. மன்னித்துவிடுங்கள் டாக்டர். அவ்வளவு தூரம் போன பிறகு கையை வெளியே எடுப்பதற்கு எவ்வளவு நெஞ்சுரம் வேண்டும் என்று இன்று தெரிகிறது.

சர்ஜன் மேடம், கேத் லேப் டாக்டர் கைகாட்டிய அன்றே வந்து பார்த்தீர்கள். சிரையை மேலே வெட்டி வலது மேலறையில் காது மடல் போல நீட்டிக்கொண்டிருக்கும் பகுதியோடு தைத்து, கீழே மிஞ்சியதை ஒட்டுப் போட்டு ஓட்டை வழியாக இடது பக்கம் திருப்பும் வார்டன் முறை. துடிப்பு கிளம்பும் முடிச்சு அங்கேயே ஒட்டினாற்போல் இருக்கிறது, அதைத் தொடாமல் இருக்கத்தான் இந்தச் சுற்று வழி என்றீர்கள். துடிப்பு சீராக இருக்கிறது என்று, தேவைப்பட்டால் துடிப்பைத் தூண்டிவிட வைத்திருந்த பேசிங் கம்பியை உருவிய அன்றுதான் அம்மா வயிறாரச் சாப்பிட்டார்.

ஆபரேஷன் நேரத்தில் இதயத்துக்கும் நுரையீரலுக்கும் பதிலாக வேலை செய்த ஹார்ட்-லங் மெஷினைப் பார்த்துக்கொண்டவர், பெயர்கூடச் சொல்லாமல் ரத்தம் கொடுத்துவிட்டுப் போனவர்கள், உங்கள் யார் முகத்தையும் நாங்கள் பார்க்கவில்லை. நன்றி.

ஐசியூ நைட் டியூட்டி சிஸ்டர், இருமினால் தையல் பிரிந்துவிடும் என்று பயந்து கிடந்தவளிடம் சின்னத் தலையணையைக் கொடுத்து, "நெஞ்சோட அணைச்சுக்கோ, இப்போ இருமு" என்று விடிய விடிய கூடவே நின்றீர்களே. அந்தத் தலையணை இன்னும் அவளிடம்தான் இருக்கிறது. செக்கப்புக்கு வரும்போது கொண்டு வந்து தருகிறாளாம்.