தெற்குச் சுவர்

தம்பி,

ஆட்சியர் தலைமையிலான குழுவின் உத்தரவு நேற்று வந்துவிட்டது. உன்னைப் போல ஆட்டிசம் உள்ளவர்களுக்கும் பொருந்தும் 1999 தேசிய அறக்கட்டளைச் சட்டப்படி இனி நான்தான் உன் பாதுகாவலர். தாளைக் கையில் வாங்கியதும் எனக்கு அந்தச் சுவர்தான் ஞாபகம் வந்தது.

தாத்தா போய் ஆறு மாதம். உனக்கு 9 வயது. கூடத்துத் தெற்குச் சுவரில் கரியால் அவரை வரைந்தாய். மவுண்ட் ரோட்டில், மூங்கில் சாரத்தில் உட்கார்ந்து சினிமா பேனர் எழுதும் தாத்தா. அவர்கூட ஸ்டில் போட்டோவில் கட்டம் போட்டு, துணியிலும் கட்டம் போட்டுத்தான் முகத்தைப் பெரிதாக்குவார். நீ கட்டம் போடவில்லை. காதில் ஆரம்பித்தாய். காதிலிருந்து தோள், தோளிலிருந்து கை, கடைசியில் பல்லில் கவ்விய பிரஷ்.

மறுநாள் என்னைப் பெண் பார்க்க வந்தார்கள். அவர்கள் வருவதற்குள் சுண்ணாம்பு அடித்தாயிற்று. யார் சொன்னது என்று எழுதமாட்டேன், நம் ஆட்களும் இதைப் படிப்பார்கள். வாளியைத் தூக்கி வந்தது நான். நீ மணிக்கட்டைக் கடித்துக் கத்தியபோது உள்ளே தள்ளித் தாழ்ப்பாள் போட்டதும் நான். மன்னித்துவிடு. ஏற்கனவே இரண்டு இடம் உன்னைப் பார்த்துவிட்டுத் தட்டிப்போயிருந்தது, எனக்கு என்ன வழி? படம் மாறினால் தாத்தாவும் பழைய முகத்தின் மேல் வெள்ளையடித்துத்தானே அடுத்த முகம் எழுதினார் என்று சொல்லிக்கொண்டேன். ஆனால் அவர் வேலை செய்யும் போட்டோ ஒன்றுகூட நம்மிடம் இல்லை. நீ வரைந்தது மட்டும்தான் இருந்தது.

அவரும் யார் முகத்தையும் பார்த்துப் பேசமாட்டார். அதே டம்ளரில்தான் டீ. பிரஷ் வரிசை கலைந்தால் அன்று வேலையே ஓடாது. அவருக்கும் ஆட்டிசமா என்று சொல்ல நான் யார்? 'கலைஞன், அப்படித்தான் இருப்பான்' என்று ஊர் அவரைக் கொண்டாடியது. உன்னிடம் அதையே பார்த்தபோது அம்மாவின் வளர்ப்பைக் குறை சொன்னது. இதில் மரபணுவுக்குப் பெரும்பங்கு உண்டு என்று இன்று டாக்டர்கள் சொல்கிறார்கள். கேட்க அம்மா இல்லை. 1995 சட்டத்தின் 7 வகை ஊனங்களில் ஆட்டிசமே கிடையாது. உன் பழைய சான்றிதழில் 'மனவளர்ச்சி குன்றியவர்' என்றுதான் இருக்கிறது. 2016 சட்டத்தில்தான் 21 வகையில் ஒன்றாகச் சேர்த்தார்கள். அந்தப் பழைய தாளோடு அவள் எத்தனை வாசல் ஏறி இறங்கினாள்!

என் மகள் காய்ச்சலில் கிடந்த இரவு, டம்ளர் மாறியதற்காக விடியும்வரை கத்தினாய். அன்று உன்னை வெறுத்தேன். நீ ஒருமுறையாவது என்னை 'சாப்பிட்டாயா' என்று கேட்டிருக்கிறாயா? சரி, விடு. நானும் உன்னை எதுவும் கேட்கவில்லை, இந்த மனுவில் கையெழுத்துப் போடும்போதுகூட.

போன வாரம் பெயின்டரிடம் கேட்டேன், சுரண்டினால் கிடைக்குமா என்று. சுண்ணாம்புக்கு மேல் டிஸ்டெம்பர், அதற்கு மேல் எமல்ஷன். கரிக்கோடு வராது அக்கா என்றார். நீ இன்னும் அந்தச் சுவரில் கை வைத்துக்கொண்டேதான் நடக்கிறாய். காது இருந்த இடம் வந்ததும் நிற்கிறாய்.

அக்கா