அடிமரச் சிப்பருக்கு வின்ச் வேண்டும்: வேளாண் பொறியியல் துறைக்கு ஒரு திறந்த மடல்

தமிழ்நாடு அரசின் வேளாண் பொறியியல் துறை அதிகாரிகளுக்கு வணக்கம். சாய்ந்த மரத்தைத் தூளாக்கும் சிப்பர் இயந்திரத்தில், கயிற்றைச் சுருட்டி மரத்தை இழுக்கும் வின்ச்சும் வேண்டும் என்று கேட்டு எழுதுகிறேன்.

2018 நவம்பர் 16 அதிகாலையில் வேதாரண்யம் அருகே கஜா புயல் கரை கடந்தபோது தஞ்சை, திருவாரூர், நாகை, புதுக்கோட்டை மாவட்டங்களில் லட்சக்கணக்கான தென்னைகள் சாய்ந்தன. சாய்ந்த மரத்தை அறுப்பதைவிட அதைத் தோப்பைவிட்டு வெளியே எடுப்பதுதான் பெரும்பாடாக இருந்தது. எடுக்க வழியில்லாத இடங்களில் அடிமரங்கள் கிடந்தபடியே மக்கின. மக்கும் தென்னை மரத்தில் காண்டாமிருக வண்டு முட்டையிடுகிறது. தப்பிப் பிழைத்த மரங்களின் குருத்தைக் குடைவதும், புதுக்கன்றைச் சாகடிப்பதும் அதே வண்டுதான். அடிமரத்தை அகற்ற வழிசெய்யாமல் மறுநடவுக்கு மானியம் கொடுத்தால், அந்தக் கன்றுகள் வண்டுக்குத் தீனியாகும்.

தென்னை மட்டையைத் தூளாக்கும் இயந்திரங்கள் எங்களுக்குப் பழகிவிட்டன. அடிமரத்துக்கு அவை போதா. முழு மரத்தையும் தூளாக்கும் சிப்பர்களை வாடகைக்கு விடுவதற்காக நீங்கள் வாங்கும்போது, அவற்றில் வின்ச் கட்டாயம் இருக்க வேண்டும் என்று கேட்கவே இந்த மடல்.

காரணம் எடைதான். 30 சென்டிமீட்டர் விட்டமுள்ள பச்சை மரத்தை 3 மீட்டர் துண்டாக வெட்டினால், ஒரு துண்டே ஏறக்குறைய 200 கிலோ இருக்கும். மழை ஊறிய மண்ணில், வாய்க்காலையும் பாத்தியையும் தாண்டி, நான்கு பேர் அதைத் தோளில் சுமக்கிறார்கள். ஜேசிபியை உள்ளே விட்டால் வரப்பு உடைகிறது. நிற்கும் மரங்களின் வேர்மண் இறுகிப்போகிறது. டிராக்டரில் கயிறு கட்டி இழுத்தாலோ, மரம் எங்காவது தட்டி நின்றதும் முன்சக்கரம் தூக்கிக்கொள்கிறது. ஓட்டுநர்கள் இந்த ஆபத்தை நன்றாக அறிவார்கள். சிப்பரைத் தோப்புச் சாலையிலேயே நிறுத்தி, கயிற்றை மட்டும் உள்ளே அனுப்பினால் இந்தத் தொல்லைகள் பெரும்பாலும் தீர்ந்துவிடும். கப்பி ஒன்றைச் சேர்த்துக் கயிற்றை இரட்டித்தால், வேகம் பாதியாகக் குறைந்தாலும் இழுவிசை ஏறக்குறைய இருமடங்காகும்.

ஆனால் ஏதோ ஒரு வின்ச்சை வாங்கி இயந்திரத்தில் போல்ட் போட்டு மாட்டிவிடாதீர்கள். ஆள் சாவதும் இதில்தான். சிப்பரின் உருளைகள் மரத்தை நிமிடத்துக்கு 30 மீட்டர் வரை உள்ளே இழுக்கக்கூடியவை. தரையில் தளர்ந்து கிடக்கும் வின்ச் கயிறு ஒரு கிளையோடு சிக்கி உள்ளே போய்விட்டால், கத்திகள் பூட்டிய டிரம் அதை இன்னும் பலமடங்கு வேகத்தில் சுருட்டிக்கொள்ளும். அந்தக் கயிற்றின் வளையத்துக்குள் கால் வைத்து நிற்பவருக்குக் கூச்சலிடக்கூட நேரமிருக்காது. அமெரிக்காவில் மரம் வெட்டும் தொழிலாளர்கள் இப்படி இறந்திருக்கிறார்கள். மரத்தை உள்ளே செலுத்தும் முன் கயிற்றைச் சுருட்டி, அதற்குரிய இடத்தில் கட்டிவைத்தாக வேண்டும் என்று மரம் வெட்டும் வேலைக்கான அந்த நாட்டின் ஏஎன்எஸ்ஐ இசட்133 என்ற பாதுகாப்புத் தரநிலை கண்டிப்பாகச் சொல்வது இதனால்தான்.

விதியை எழுதிவைத்தால் மட்டும் நம் தோப்புகளில் வேலை நடக்காது. மாலை நெருங்கும், மழை கறுக்கும், கூலிக்கு வந்தவர் அவசரப்படுவார். ஆகவே பாதுகாப்பு இயந்திரத்துக்குள்ளேயே இருக்க வேண்டும். பேட்டரியில் ஓடும் மின்சார வின்ச் வேண்டாம். அது சீக்கிரம் சூடேறும், நாள் முழுவதும் இழுக்கத் தாங்காது. எண்ணெய் அழுத்தத்தில் ஓடும் ஹைட்ராலிக் வின்ச்சே வேண்டும். உருளைகளுக்குப் போகும் எண்ணெயையே ஒரு வால்வு வழியாக அதற்குத் திருப்பிவிடலாம். வால்வு ஒரு பக்கம் இருந்தால் வின்ச் மட்டும் ஓடும், மறுபக்கம் இருந்தால் உருளை மட்டும் ஓடும். வின்ச் கயிற்றின் கொக்கி தன் கூட்டில் மாட்டப்படாதவரை உருளைக்கு எண்ணெய் போகக் கூடாது. இதற்கு ஒரு சுவிட்ச் போதும், கோயம்புத்தூர்ப் பட்டறைகளுக்கு இது பெரிய வேலையே அல்ல. டெண்டரில் இந்த ஒரு நிபந்தனையைச் சேர்க்காமல் வின்ச் வாங்குவதாக இருந்தால், வின்ச்சே வேண்டாம் என்பேன்.

வின்ச் கப்பி சிப்பரின் வாய்க்கு மேலே உயரத்தில் இருக்கட்டும். இழுபடும் மரத்தின் முன்முனை கொஞ்சமாவது தூக்கிவரும். சேறும் மணலும் ஒட்டினால் கத்தி மழுங்கிவிடும். இயந்திரத்தை வண்டியிலிருந்து கழற்றிவிட்டு இழுக்கக் கூடாது. பக்கவாட்டிலும் இழுக்கக் கூடாது, சிப்பரே கவிழ்ந்துவிடும். இதைச் சிப்பரின் உடம்பிலேயே தமிழில் பெரிய எழுத்தில் எழுதுங்கள். எங்கள் பக்கத்தில் ஓடும் 45, 50 குதிரைத்திறன் டிராக்டர்களுக்கு அடிமரச் சிப்பரை ஓட்டும் வலு கிடையாது என்பதால், சொந்த எஞ்சின் உள்ளதாகவே வாங்குங்கள்.

கதிரடிக்கும் இயந்திரங்களில் கையிழந்தவர்கள் ஏராளம். 1983இல் அபாயகரமான இயந்திரங்கள் ஒழுங்குமுறைச் சட்டம் வந்தபோது அந்த இயந்திரங்கள் ஊரெல்லாம் பரவிவிட்டிருந்தன. அடிமரச் சிப்பர் நம் தோப்புகளுக்கு இன்னும் பரவலாக வரவில்லை. கேட்க வேண்டியதை இப்போதே கேட்டு வாங்க முடியும்.

வடகிழக்குப் பருவமழைக்கு முன்பே பட்டுக்கோட்டை அல்லது பேராவூரணியில் ஒரு செயல்விளக்கம் வையுங்கள். விவசாயிகளை மட்டும் அழைக்காமல், மரம் அறுக்கும் தொழிலாளர்களையும் கூலியோடு அழையுங்கள். கயிற்றின் பக்கத்தில் நிற்கப்போகிறவர்கள் அவர்கள்தான்.

இப்படிக்கு,
பேராவூரணி வட்டாரத் தென்னை விவசாயி ஒருவன்