தைராய்டு சர்ஜன்களுக்கு ஒரு பெத்தாலஜிஸ்டின் திறந்த மடல்

மதிப்புக்குரிய தைராய்டு அறுவை மருத்துவர்களுக்கு,

வணக்கம். ஊசிப் பரிசோதனையில் ‘ஃபாலிக்குலர் நியோப்ளாசம்’, அதாவது முடிவுகளை வகைப்படுத்தும் பெதஸ்டா அளவுகோலில் 4 என்று வந்த கட்டியை, ஆபரேஷன் நடக்கும்போதே உறையவைத்துச் சீவிப் பார்க்கும் ஃப்ரோசன் செக்‌ஷனுக்கு அனுப்பிவிட்டு, “கேன்சரா, இல்லையா?” என்று தியேட்டரிலிருந்து போனில் கேட்கிறீர்கள். அந்த நேரத்தில் அந்தக் கேள்விக்கு நம்பகமான பதில், திசுவைச் சோதித்துச் சொல்லும் பெத்தாலஜிஸ்டுகளான எங்களிடம் இல்லை.

ஃபாலிக்குலர் கட்டி சாதாரணக் கட்டியா, புற்றுநோயா என்பதைச் செல்லின் தோற்றம் சொல்லாது. கட்டி தன் உறையைத் துளைத்திருக்கிறதா, ரத்தக்குழாய்க்குள் புகுந்திருக்கிறதா என்று பார்த்துத்தான் முடிவு செய்ய வேண்டும். துளைத்த இடம் உறையின் ஏதோ ஒரு மூலையில் கடுகளவு இருக்கலாம். நோயாளி மயக்கத்தில் இருக்க, இருபது நிமிடத்துக்குள் கிரையோஸ்டாட் என்ற குளிர்க் கருவியில் உறையவைத்துச் சீவிய ஓரிரு துண்டுகளில் அது சிக்கினால் உண்டு. சிக்காவிட்டால் ‘இல்லை’ என்று அர்த்தமாகாது. ஃபார்மலினில் ஊறவைத்து, உறையைச் சுற்றிலும் துண்டு போட்டுப் பார்க்கும் பயாப்ஸிதான் கடைசி வார்த்தை.

பாப்பிலரி வகைத் தைராய்டு புற்றுநோயிலும் சங்கடம் உண்டு. வெளிறிய உட்கரு என்ற அதன் முக்கிய அடையாளம் உறையவைத்த துண்டில் சரியாகத் தெரிவதில்லை. பனிப்படிகங்களோ உட்கருவில் பொய்க்குமிழ்களை உண்டாக்கிக் குழப்புகின்றன. அதனால்தான் வெட்டிய பரப்பை ஸ்லைடில் ஒற்றி எடுத்தும் பார்க்கிறோம். பெதஸ்டா 5, அதாவது புற்றுநோய்ச் சந்தேகம் என்றாலோ, நெறிக்கட்டில் சந்தேகம் என்றாலோ, கையில் இருப்பது கால்சியத்தைக் கட்டுப்படுத்தும் பாராதைராய்டு சுரப்பியா, வெறும் கொழுப்பா என்று தெரியாவிட்டாலோ தாராளமாக அனுப்புங்கள். அங்கே ஃப்ரோசன் உண்மையிலேயே உதவும்.

என்னை உறுத்துவது தியேட்டர் வாசலில் நடப்பது. “கேன்சர் இல்லையாம்” என்று கேட்டு நிம்மதியாக வீடு திரும்பும் குடும்பத்துக்கு, ஒரு வாரம் கழித்து வேறு ரிப்போர்ட் போகிறது. அவசரத்தில் புற்றுநோய் என்று தவறாகச் சொல்லி முழுச் சுரப்பியையும் எடுத்துவிட்டால், ஆயுள் முழுக்கத் தைராக்ஸின் மாத்திரை. குரல் நரம்புக்கும் கால்சியத்துக்கும் கூடுதல் ஆபத்து வேறு.

ஆகவே ஒப்புதல் படிவத்தில் கையெழுத்து வாங்கும்போதே சொல்லிவிடுங்கள்: இப்போது ஒரு பக்கம் மட்டும் எடுக்கிறோம், முழு ரிப்போர்ட் வர நாளாகும், தேவைப்பட்டால் இன்னொரு ஆபரேஷன் இருக்கும். நோயாளிக்குப் புரியும் தமிழில், நிதானமாக.

கட்டியைத் தியேட்டரிலேயே கீறிப் பார்க்காமல், உறை சிதையாமல் முழுசாக அனுப்புங்கள். கூடவே ஸ்கேன், ஊசிப் பரிசோதனை ரிப்போர்ட்டுகளின் நகலும் வேண்டும். சந்தேகமான கேஸ் என்றால் முந்தின நாளே எங்களைக் கூப்பிடுங்கள், ஸ்லைடைச் சேர்ந்து பார்ப்போம்.

அன்புடன்,
உங்களோடு பணிபுரியும் ஒரு பெத்தாலஜிஸ்ட்