கித்துளும் தாளிப்பனையும்: மரநடுகைச் சங்கச் செயலாளரின் ஆண்டறிக்கை

மதிப்புக்குரிய தலைவர் அவர்களுக்கும் நிர்வாகக் குழுவினருக்கும் அங்கத்தவர்களுக்கும் வணக்கம்.

வரவு செலவைப் பொருளாளர் தனியே சமர்ப்பிப்பார். இந்த அறிக்கை மலையகத் தோட்டங்களில் நாம் வளர்த்துவரும் கித்துள், தாளிப்பனை ஆகிய இரண்டு பனை வகைகளையும் பற்றியது.

கித்துள் பாளை தள்ள 10 முதல் 15 ஆண்டு ஆகும். உச்சியில் தொடங்கி ஆண்டுக்காண்டு கீழிறங்கிப் பூத்து, கடைசிக் குலை பழுத்ததும் மரம் பட்டுப்போகும். தாளிப்பனை 30 முதல் 80 ஆண்டு வரை காத்திருந்து ஒரே ஒரு தடவை பூக்கும். உலகிலேயே மிகப் பெரிய பூங்கொத்து அதனுடையது. காய் முற்ற ஏறக்குறைய ஓராண்டு எடுக்கும், அதோடு அதன் ஆயுள் முடிந்துவிடும். நமது பேரப்பிள்ளைகள் பார்க்கப்போகும் பூவுக்காகத்தான் இப்போது குழி வெட்டுகிறோம். அதனால் நட்ட இடம் ஐம்பது அறுபது ஆண்டு கழித்தும் மரத்துக்கே இருக்குமா என்ற கேள்வியிலேயே இந்த ஆண்டு குழுவின் நேரம் பெரும்பாலும் போனது.

தோட்டத் தொழிலாளரின் வரிசை வீடுகளான லயத்து முற்றம் நமது பெயரில் இல்லை. வீட்டுத் திட்டத்தில் கிடைக்கும் சிறிய காணி வீட்டுக்கும் கக்கூசுக்கும் நாலு கறிவேப்பிலைக்குமே சரியாகிவிடும். தாளிப்பனையின் ஓலை மட்டும் 5 மீற்றர் வரை விரியும், மரம் 20 மீற்றருக்கு மேல் உயரும், பட்டபின் ஒருநாள் சாயும். ஆகவே கூரை, மின்கம்பி, பாதை எதிலிருந்தும் 30 மீற்றர் தள்ளியே தாளிப்பனை நடவேண்டும் என்றும், கித்துளுக்கு 20 மீற்றர் போதும் என்றும் குழு தீர்மானித்தது. கோயில் காணி, பாடசாலை எல்லை, மயானத்து ஓரம், தேயிலை போடாத ஓடைக்கரை ஆகியவையே ஏற்ற இடங்கள். தோட்ட நிர்வாகத்தின் சம்மதம் கடிதமாக இருக்கவேண்டும், பிரதி கோயில் பரிபாலன சபையிடமும் பாடசாலையிடமும் இருக்கவேண்டும். தோட்டத்துரை மாறினால் வாய்வார்த்தையும் அவரோடு போய்விடும்.

செங்குத்தான சரிவில், லயங்களுக்கு மேலே எதையும் நடக்கூடாது. பனை வகைக்கு ஆணிவேர் கிடையாது, சல்லிவேர்தான். சரியும் மலையை அது பிடித்துவைக்கும் என்று யாரும் நம்பவேண்டாம். 2014 ஒக்டோபரில் மீரியபெத்தைத் தோட்டத்து மண்சரிவில் நடந்ததை மலையகத்தில் எவருக்கும் எடுத்துச் சொல்லத் தேவையில்லை.

உயரத்தையும் கவனிக்கவேண்டும். கித்துள் சுமார் 1500 மீற்றர் வரை வரும், அட்டன் மட்டத்தில் நடலாம், நுவரெலியாவில் வேண்டாம். தாளிப்பனை சூடு கேட்கும் மரம். கண்டி, கம்பளை மட்டத்துக்கு மேலே அதைச் சங்கம் சிபாரிசு செய்வதில்லை.

கித்துள் விதை சேர்ப்பதில் பெரிய தடை நமது பழக்கமே. பாணிக்காகப் பாளை சீவிய மரத்தில் அந்தக் குலை காய்க்காது. நல்ல மரத்தைத்தான் எல்லோரும் சீவுகிறோம், விதை தருவது சீவாமல் விட்ட மெலிந்த மரம். இப்படியே போனால் அடுத்த தலைமுறைக்குப் பதனீர் குறைந்த மரங்களே மிஞ்சும். ஆகவே சீவுகிறவர்களிடம் சங்கம் கேட்டுக்கொள்வது: தடித்த தண்டும் நல்ல பதனீரும் உள்ள மரத்தில் ஒரு பாளையையாவது பழுக்க விடுங்கள். மரநாய் தின்று கழித்த விதையையும் பொறுக்கலாம், சதை நீங்கிச் சுத்தமாகவே இருக்கும்.

கித்துள் பழச்சதையில் கண்ணுக்குத் தெரியாத ஊசிப் படிகங்கள் உண்டு. வெறுங்கையால் பிசைந்தால் மணிக்கணக்கில் அரிக்கும், கண்ணில் பட்டால் வைத்தியரிடம்தான் போகவேண்டும். இறப்பர் கையுறை கட்டாயம். சிவந்து பழுத்த காயைச் சாக்கில் கட்டி மூன்று நாள் தண்ணீரில் ஊறவைத்து, மணலோடு சேர்த்துச் சாக்கின் மேலேயே மிதித்தால் சதை கழன்றுவிடும். கழுவிய விதையை வெயிலில் உலர்த்தக்கூடாது. காய்ந்தால் முளை செத்துப்போகும். அந்த வாரத்துக்குள்ளேயே மணலும் தும்புத்தூளும் சரிபாதி கலந்த பாத்தியில் ஓர் அங்குல ஆழத்தில் இடவேண்டும். முளைக்க மூன்று முதல் ஆறு மாதம், சிலது ஒரு வருடமும் எடுக்கும். பாத்தியைக் கலைத்துவிடும் அவசரம்தான் விதையை வீணாக்குகிறது.

தாளிப்பனை விதையை தேயிலைக் கன்று வளர்க்கும் தவறணைப் பையில் போடக்கூடாது. விதையிலிருந்து முதலில் ஒரு தண்டு நேரே கீழே இறங்கும், ஓர் அடியும் அதற்கு மேலும் போனபிறகுதான் அதன் நுனியருகே வேரும் குருத்தும் பிறக்கும். பை ஆழம் இல்லாவிட்டால் அது அடியில் சுருண்டு, பையைத் தூக்கும்போது ஒடிந்துவிடும். மரம் நிற்கவேண்டிய இடத்திலேயே விதையைப் போடுவது உத்தமம். முடியாவிட்டால் 4 அங்குல பிவிசி குழாயை 2 அடிக்கு வெட்டி, நெடுக்காக இரண்டாகப் பிளந்து, மூன்று இடத்தில் கம்பி சுற்றி, மண் நிரப்பி நிறுத்துங்கள். நடும்போது கம்பியை அவிழ்த்தால் மண்கட்டி உடையாமல் கன்று வெளியே வரும், குழாயும் மறுபடி உதவும்.

குழி 2 அடிக்கு 2 அடி, ஆழமும் 2 அடி. மேல்மண்ணோடு நன்றாக மக்கிய மாட்டெரு ஒரு கூடை. மக்காத எருவில் காண்டாமிருக வண்டு முட்டையிடும். பிறகு அது குருத்தைத் துளைக்கும், விரியும் ஓலை கத்தரித்ததுபோல் முக்கோணமாக வெட்டுப்பட்டு வரும். பனைக்கு ஒரே குருத்துதான், அது அழுகினால் மரமே இல்லை. மழையில் மேல்மண் இறங்கிக் குருத்தை மூடாதபடி, குழிக்கு மேற்பக்கம் பிறைவடிவில் ஒரு சிறு வடிகான் வெட்டவேண்டும். மானாப் புல்லைச் சுற்றிப் பரப்பி, கன்றிலிருந்து ஒரு சாண் விலக்கிவிடுங்கள். மேற்குச் சரிவில் மே, ஜூன் மழைக்கும், பதுளைப் பக்கம் ஒக்டோபர், நவம்பர் மழைக்கும் நடலாம்.

முதல் ஐந்து ஆண்டில் கன்று போவது பெரும்பாலும் இரண்டு வழியில். ஒன்று முள்ளம்பன்றி: இரவில் அடியைத் தோண்டி இளங்குருத்தைத் தின்றுவிடும். பழைய கூரைத் தகரத்தை 2 அடி உயர வளையமாக்கி, அரை அடி மண்ணுக்குள் புதைத்து, கிளிரிசிடியா மரக்கம்பு முளைகளோடு கட்டினால் தப்பும். மற்றது நமது மண்வெட்டியும் புல்லுக்கு அடிக்கும் மருந்தும். தாளிப்பனையின் முதல் இலை விசிறிபோல் இருக்காது, நீண்ட புல்போல்தான் இருக்கும். தெரியாதவர் களையென்று வெட்டிவிடுவார். அதனால் ஒவ்வொரு கன்றுக்கும் பக்கத்தில் வெள்ளைச் சுண்ணாம்பு பூசிய முளை நடவேண்டும், ஆண்டுதோறும் தைப்பொங்கலுக்கு முன் மறுபடி பூசவேண்டும்.

வளர்ந்த மரத்தில் பச்சை மட்டையை வெட்டாதீர்கள். வெட்டுவாய் வாசனைக்குச் சிவப்புக் கூன்வண்டு வரும். உள்ளே புழு தின்பது மரம் சாயும்வரை வெளியே தெரியாது.

பாறை இடுக்குகளில் வளரும் தொத்தலு என்ற பனை வகை இலங்கைக்கே உரியது, அதன் பேரினத்தில் வேறு இனமே இல்லை. அதைக் காட்டிலிருந்து பிடுங்கிவரும் எண்ணம் யாருக்கும் வேண்டாம்.

1660 முதல் 1679 வரை கண்டி இராச்சியத்தில் கைதியாக இருந்த ரொபர்ட் நொக்ஸ், தாளிப்பனையின் ஓர் ஓலை பதினைந்து இருபது பேரை மழையில் மறைக்கும் என்று எழுதிவைத்தார். ஏட்டுச்சுவடி எழுதவும் இந்த ஓலையே பயன்பட்டது. இன்று பல பிள்ளைகள் அதைப் பேராதனைத் தாவரவியல் பூங்காவில்தான் காண்கிறார்கள். அவரவர் பாடசாலை எல்லையிலேயே அது நிற்கவேண்டும் என்பது சங்கத்தின் ஆசை.

நடுகைப் பதிவேடு இனி மூன்று பிரதியாக வைக்கப்படும். நட்ட தேதி, தாய்மரம் நின்ற இடம், பக்கத்துப் பாறை அல்லது மதகிலிருந்து அடிக்கணக்கில் தூரம், பொறுப்பான குடும்பம் ஆகியவை பேனாவால் எழுதப்படும். கைத்தொலைபேசிப் படம் மட்டும் போதாது. பொறுப்பானவர் கொழும்புக்கோ வெளிநாட்டுக்கோ போகும்போது அடுத்தவரின் பெயரை எழுதிக் கையொப்பமிட்டுக் கொடுக்கவேண்டும்.

இன்றைய கூட்டத்தில் பதிவேட்டுப் பொறுப்பாளர் ஒருவரையும், முப்பது வயதுக்குட்பட்ட துணைப் பொறுப்பாளர் ஒருவரையும் தெரிவுசெய்து தருமாறு சபையைக் கேட்டுக்கொள்கிறேன்.

நன்றி.
செயலாளர்