தைப்பதற்கு முன் பிரிக்கக் கற்றுக்கொடுங்கள்

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். பள்ளிகளில் தையல் வகுப்பு இனியும் தேவையா என்று உங்கள் வாசகர் பகுதியில் சில வாரங்களாக விவாதம் நடக்கிறது. ஆயத்த ஆடைகள் மலிந்துவிட்ட காலத்தில் துணி எடுத்து, நூல் வாங்கி, உட்கார்ந்து தைப்பதில் என்ன மிச்சம் என்று ஒரு வாசகர் கேட்டிருந்தார். அவருக்குப் பதில் எழுதிய அம்மையார், தன் கையால் தைத்த முதல் பாவாடையைப் பற்றி உருக்கமாக எழுதியிருந்தார். இரண்டு கடிதங்களும் புதிதாக ஓர் ஆடையைத் தைப்பதைப் பற்றியே பேசின. அந்தக் கணக்கில் முதல் வாசகர் சொல்வதுதான் சரி என்று நானும் ஒப்புக்கொள்கிறேன். புதிதாகத் தைப்பதில் மகிழ்ச்சி உண்டு, சிக்கனம் உண்டா என்பது சந்தேகம்தான். ஆனால் வீட்டுத் தையலில் காசு மிச்சமாவது ஏற்கெனவே அலமாரியில் தொங்கும் துணியில். அதற்கு முதலில் கைவர வேண்டியது பிரிக்கும் வேலை. அதைப் பற்றி யாரும் எழுதவில்லை என்பதால் நான் எழுதுகிறேன்.

நான் அச்சகத்தில் பைண்டிங் பிரிவில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவன். ஃபாரங்களின், அதாவது புத்தகமாகச் சேர்க்க மடித்த அச்சுத் தாள்களின், முதுகில் ஊசி கோத்தே வாழ்நாள் போயிற்று. ஊசியை நான் முதலில் தொட்டது பள்ளியில், அதுவும் ஒரு நிர்வாகக் கோளாறால். பையன்களுக்கு மரவேலை, பெண்களுக்குத் தையல் என்பது ஏட்டில் இருந்த ஏற்பாடு. மரவேலை ஆசிரியர் பணியிடம் காலியாகவே கிடந்தது. எங்களை வெளியே விட்டால் கூச்சல் தாங்காது என்று தையல் அறையின் பின்வரிசையில் உட்கார வைத்தார்கள். உட்கார்ந்தவர்களைச் சும்மா விடுகிற ஆள் அல்ல எங்கள் தையல் டீச்சர்.

முதல் வகுப்பில் அவர் ஊசியைக் கண்ணிலேயே காட்டவில்லை. பழைய சட்டைகளை ஒரு மூட்டையாகக் கொண்டுவந்து கொட்டி, நான்கு பேருக்கு ஒன்று என்று கொடுத்தார். "துணியில் ஒரு கீறல் விழாமல் இதைத் துண்டு துண்டாகப் பிரித்துக் கொடுங்கள். நூலை மட்டும் வெட்ட வேண்டும், துணியை அல்ல." அவ்வளவுதான் பாடம். பிரித்து முடிக்கவே வாரக்கணக்கில் ஆயிற்று. பிரித்த துண்டுகளைத் தேய்த்து மேசைமேல் பரப்பியபோதுதான் சட்டை என்பது என்ன என்று எங்களுக்கு விளங்கியது.

உடம்பில் குழாயாகத் தெரியும் சட்டைக் கையைப் பிரித்துப் பரப்பினால், அதன் மேல்விளிம்பு சிறு குன்று மாதிரி எழுந்து இறங்குகிறது. அந்தக் குன்றின் இரண்டு சரிவும் ஒன்றாக இருக்காது. முன்பக்கச் சரிவு சற்று ஆழமாகக் குடைந்திருக்கும். "உன் கை முன்னால் நீள்கிறதா, பின்னால் நீள்கிறதா?" என்று டீச்சர் கேட்டார். முன்னால்தான். அப்படி நீட்டும்போது அக்குளின் முன்புறம் துணி அதிகமாக இருந்தால் சுருங்கிக் கசங்கும், அதனால் அங்கே குறைத்து வெட்டுகிறார்கள். பிறகு ஒரு துண்டைப் பாவு வாக்கில், அதாவது நெசவின் நீள நூல் ஓடும் திசையில், இழுக்கச் சொன்னார், நெகிழவில்லை. ஊடை வாக்கில், குறுக்கு நூல் ஓடும் திசையில், இழுத்தோம், கொஞ்சம் கொடுத்தது. மூலைக்கு மூலை இழுத்தபோது நன்றாகவே நீண்டது. கழுத்து வளைவுக்குப் பட்டி வைக்கும்போது ஏன் கிராஸ் பீஸாக, அதாவது மூலைவாக்கில், வெட்டுகிறார்கள் என்பதற்கு அதற்கு மேல் விளக்கம் தேவைப்படவில்லை. வடிவியல் பாடத்தில் வந்த 45 பாகைக்கு ஒரு பயன் இருப்பதை நான் கண்ணால் பார்த்தது அன்றைக்குத்தான்.

பிரிப்பதிலும் முறை இருக்கிறது. தையல் இயந்திரம் போடுவது பூட்டுத் தையல்: மேல் நூலும் அடியில் சிறு உருளையில் சுற்றிய பாபின் நூலும் துணியின் நடுவே ஒன்றையொன்று கவ்விக்கொள்ளும். 1846இல் அமெரிக்காவில் எலியாஸ் ஹோவ் காப்புரிமை பெற்றது இந்தத் தையலைப் போடும் இயந்திரத்துக்குத்தான். ஊசியின் கண்ணை முனைக்கு அருகில் கொண்டுவந்ததும் இரண்டாவது நூலைச் சேர்த்ததும் அந்த இயந்திரத்தின் உயிர். அதற்கு முன் 1830இல் பிரான்ஸில் காப்புரிமை பெற்ற பார்தெலமி திமோனியேயின் இயந்திரம் ஒற்றை நூலில் சங்கிலித் தையல் போட்டது. சிமெண்ட் மூட்டையின் வாயைச் சரியான முனையிலிருந்து இழுத்துப் பார்த்தவர்களுக்கு அந்தத் தையலின் குணம் தெரியும், ஒரே இழுப்பில் மொத்தமும் உருவிக்கொண்டு வந்துவிடும். பூட்டுத் தையல் அப்படி வராது. இழுத்தால் துணிதான் சுருங்கும், இன்னும் இழுத்தால் கிழியும். ஒரு பக்கத்தில் மூன்று நான்கு தையலுக்கு ஒன்றாக நூலை வெட்டிக்கொண்டே போக வேண்டும். பிறகு துணியைத் திருப்பி, மறுபக்க நூலைப் பிடித்து மெல்ல இழுத்தால் அது அறுபடாமல் முழு நீளத்துக்கும் வந்துவிடும். இந்தப் பக்கம் மிஞ்சிய நூல் துணுக்குகளைக் கையால் தட்டிவிடலாம். தையற்காரர்கள் பாதி பிளேடால் இதைச் செய்வார்கள். பழகாதவர்களுக்குக் கவைபோல் இரண்டு முனை கொண்ட, ஒரு முனையில் சிவப்புக் குமிழ் வைத்த கருவி கிடைக்கிறது. குமிழ் இருக்கும் முனை துணிப் பக்கம் போக வேண்டும், குத்தாமல் வழுக்கிக்கொண்டு செல்வதற்காகவே அந்தக் குமிழ். பலர் அதை அலங்காரம் என்று நினைத்துத் தலைகீழாகப் பிடிக்கிறார்கள்.

இனி மிச்சத்துக்கு வருகிறேன். உடம்பு பெருத்துவிட்டது, சட்டை இறுக்கிப் பிடிக்கிறது என்று நல்ல சட்டையை ஒதுக்குகிறோம். சட்டைக்கு இடப்பக்கம் ஒரு தையல், வலப்பக்கம் ஒரு தையல். ஒவ்வொரு தையலிலும் முன்துண்டின் ஓரமும் பின்துண்டின் ஓரமும் சேர்கின்றன. ஆக நான்கு ஓரங்கள். ஒவ்வொன்றிலும் கால் அங்குலம் விட்டுக்கொடுத்தாலே சுற்றளவில் ஒரு அங்குலம் கிடைக்கும், அரை அங்குலம் விட்டால் இரண்டு அங்குலம். கால்சட்டைக்கு இதைவிட எளிது. அளவெடுத்துத் தைத்த கால்சட்டையின் பின்நடுத் தையலில் இடுப்புப் பட்டிக்குக் கீழே கைதேர்ந்த தையற்காரர் தாராளமாகத் துணி விட்டிருப்பார். அதை ஒரு முறை பிரித்துத் தள்ளித் தைத்தால் இன்னும் சில ஆண்டுகளுக்குக் கவலையில்லை. பிள்ளைகளின் பாவாடைக்கும் கால்சட்டைக்கும் கீழ்மடிப்பை அகலமாக வைத்துத் தைத்தால் உயரத்துக்கு ஏற்ப இறக்கிக்கொண்டே போகலாம். பழைய மடிப்பின் வெளுத்த கோடு தெரிகிறது என்று கூச்சப்படுபவர்கள் அதன்மேல் ஒரு நாடாவை வைத்துத் தைத்துவிடலாம். என்னைக் கேட்டால் கோடு இருந்துவிட்டுப் போகட்டும் என்பேன்.

இதெல்லாம் உள்ளே துணி விட்டிருந்தால்தான். ஆயத்த ஆடைகளின் உண்மையான குறை இங்கே இருக்கிறது. துணியின் ஓரம் பிரியாமல் நூலால் சுற்றித் தைக்கும் ஓவர்லாக் இயந்திரத்தில் ஒரு கத்தி உண்டு. தைக்கும்போதே ஓரத்தை நறுக்கிக்கொண்டு போகும். தையலுக்கு அப்பால் கால் அங்குலத் துணிகூட மிஞ்சாத சட்டைகளை நீங்களும் பார்த்திருப்பீர்கள். அப்படிப்பட்ட சட்டையைப் பிடித்துச் சிறிதாக்கலாம், ஒருபோதும் பெரிதாக்க முடியாது. ஆகவே மலிவு என்று வாங்கும் முன் சட்டையைப் புறம் திருப்பிப் பாருங்கள். வண்ணத்தையும் பட்டனையும் பார்ப்பதற்குச் செலவிடும் நேரத்தில் பாதியை உட்புறத்துக்குக் கொடுங்கள். அகலமாக விட்ட ஓரம், மடித்து மூடிய தையல், உள்ளே தைத்துவைத்த உபரி பட்டன் இவை இருந்தால், அந்த ஆடையைத் தைத்தவர் அது நீண்ட நாள் உழைக்கும் என்று எதிர்பார்த்திருக்கிறார்.

காலர் திருப்புவதைப் பற்றி எழுதாவிட்டால் எங்கள் டீச்சர் என்னை மன்னிக்க மாட்டார். சட்டையில் முதலில் நைந்துபோவது காலரின் மடிப்புக் கோடு, கழுத்தில் உராயும் இடம். உடல்பகுதி புதிது மாதிரி இருக்கும்போதே காலர் பஞ்சு பஞ்சாகப் பிரிந்து நிற்கும். காலர் என்பது மடங்கும் பகுதி ஒன்றும், கழுத்தைச் சுற்றி நிற்கும் பட்டி ஒன்றும் சேர்ந்தது. அவை சேரும் இடத்தில் உள்ள தையலை மட்டும் பிரித்தால் காலர் தனியே கையில் வந்துவிடும். பிரிப்பதற்கு முன் காலரின் நடுவிலும் பட்டியின் நடுவிலும் பென்சிலால் ஒரு புள்ளி வைத்துக்கொள்ள வேண்டும். காலரைத் தலைகீழாகப் புரட்டி, புள்ளிக்குப் புள்ளி சேர்த்து, பழைய ஊசித் துளைகளின் வழியே மறுபடி தைக்க வேண்டியதுதான். நைந்த முகம் உள்ளே போய்விடும், இத்தனை நாள் ஒளிந்திருந்த முகம் வெளியே வரும். காலர் முனையில் பிளாஸ்டிக் தகடு செருகும் பை அடிப்புறத்தில் இருந்தால் மட்டும் யோசியுங்கள், திருப்பினால் அந்தப் பை எல்லார் கண்ணிலும் படும். நான் திருப்பிப் போட்ட காலர்களை அச்சகத்தில் யாரும் கண்டுபிடித்ததில்லை. நானே சொன்னபோதுகூட நம்பவில்லை.

எல்லாத் துணியையும் காப்பாற்ற வேண்டும் என்று நான் வாதாடவில்லை. வெளிச்சத்துக்கு எதிரே பிடித்துப் பார்க்கும்போது சல்லடையாகத் தெரியும் துணியில் புதுத் தையல் நிற்காது. அதைத் துடைக்கும் துணியாக்கிவிட்டு, பட்டன்களை வெட்டி டப்பாவில் போட்டுக்கொள்ளலாம். தோலிலும் ரப்பர் பூசிய மழைக்கோட்டிலும் ஊசித் துளை மூடிக்கொள்ளாது, பிரித்த இடம் தழும்பாகவே நிற்கும். பருத்தி அப்படி இல்லை. ஒருமுறை நனைத்துத் தேய்த்தால் துளை பெரும்பாலும் மறைந்துவிடும்.

இது ஏழைகளின் வேலை என்று முகம் சுளிப்பவர்களுக்கு ஒரு தகவல். இரண்டாம் உலகப் போரின்போது பிரிட்டனில் 1941 ஜூன் 1 முதல் உடைகளுக்கு ரேஷன் வந்தது. போர் முடிந்த பிறகும் அது நீடித்து 1949 மார்ச்சில்தான் முழுதாக விலகியது. முதல் ஆண்டுக்கு ஒருவருக்கு 66 கூப்பன்கள். கையில் எவ்வளவு பணம் இருந்தாலும் கூப்பன் தீர்ந்தால் புதுத்துணி இல்லை. 1942இல் ஆண்களின் கால்சட்டையில் கீழே திருப்பிவிடும் மடிப்புக்கே தடை போட்டார்கள். அந்த மடிப்பை விட மனமில்லாதவர்கள் தேவைக்கு மேல் நீளமான கால்சட்டையை வாங்கி வீட்டில் மடித்துத் தைத்துக்கொண்டார்கள். அரசாங்கமே துண்டுப் பிரசுரம் போட்டும் வகுப்புகள் நடத்தியும் மக்களுக்குத் துணியைப் பிரித்து மாற்றித் தைக்கச் சொல்லிக்கொடுத்தது. பள்ளியிலேயே கற்றிருந்தால் போர் நடக்கும்போது உட்கார்ந்து படித்திருக்க வேண்டியதில்லை.

பின்லாந்தில் 1866ஆம் ஆண்டின் சட்டப்படியே கைவினை கட்டாயப் பாடம். உனோ சிக்னேயஸ் என்பவர் அதற்குக் காரணமாக இருந்தார். இன்றைக்கு அங்கே மரவேலையும் துணிவேலையும் ஒரே பாடம், பையன்களுக்கும் பெண்களுக்கும் சேர்த்து. எங்கள் பள்ளியில் ஆள் பற்றாக்குறையால் நடந்ததை அங்கே திட்டமிட்டே செய்கிறார்கள்.

நம் பேச்சு இன்னும் பூத்தையலிலேயே நிற்கிறது. எங்கள் நாளிலும் மாதிரித் துணிகளை ஒட்டிய ரெக்கார்டு நோட்டுக்குத்தான் தேர்வில் மதிப்பெண். சங்கிலித் தையல், காம்புத் தையல், முடிச்சுத் தையல் என்று உள்ளங்கை அளவுத் துணிகளில் போட்டுக் காட்டினோம். அழகாகத்தான் இருந்தன. ஆனால் அந்த நோட்டைப் பிறகு யார் திறந்தார்கள்? பிரிக்கும் வேலைக்கு மதிப்பெண் இல்லை என்று டீச்சருக்கும் தெரியும். பாடத்திட்டத்துக்கு வெளியே தன் பொறுப்பில் சொல்லிக்கொடுத்தார். தேர்வு வைக்க எனக்கு அதிகாரம் இருந்தால், பட்டன் போன, ஓரம் பிரிந்த, ஜிப் சிக்கிய ஓர் உடையை மாணவனிடம் கொடுத்து, மறுநாள் அதை அவனே உடுத்திக்கொண்டு வரச் சொல்வேன். திருத்துவதும் சுலபம், பார்த்தாலே தெரிந்துவிடும். தையல் இயந்திரம் வாங்கப் பள்ளியில் நிதி இல்லை என்ற சாக்குக்கும் இடமில்லை. ஊசி, நூல், பிரிக்கும் கருவி, நல்ல கத்தரிக்கோல் போதும். கையால் பின்தையல், அதாவது ஒவ்வொரு தையலுக்கும் ஊசியைச் சற்றுப் பின்னால் கொண்டுபோய்க் குத்தும் தையல், போட்டால் இயந்திரத் தையலுக்கு ஈடாக நிற்கும்.

கடைசியாக உங்களுக்கும் ஒரு கோரிக்கை. ஞாயிறு இணைப்பில் புது ஆடைக்கு வெட்டுப்படம் வெளியிடுகிறீர்கள். மாதம் ஒருமுறையாவது அந்த இடத்தில் பழைய ஆடையை எப்படிப் பிரித்து மாற்றுவது என்று படத்தோடு போடுங்கள். காலரிலிருந்து தொடங்கினால் வரைந்து அனுப்ப நான் தயார். ஒரே நிபந்தனை: அதைப் பெண்கள் பக்கத்தில் போட வேண்டாம். விளையாட்டுச் செய்திக்கு எதிர்ப்பக்கத்தில் போட்டால் யார் படிக்க வேண்டுமோ அவர்கள் கண்ணில் படும்.

இப்படிக்கு,
ஓய்வுபெற்ற பைண்டர், உங்கள் நெடுநாள் வாசகர்