டின்டர்னுக்கு இருபது நிமிடம் போதாது

வார இறுதியில் வேன் பிடித்து வேல்ஸ் பக்கம் போய்வரும் நம் பயணக் குழுவினருக்கு,

வணக்கம். போன முறை டின்டர்ன் மடாலயத்தில் இருபது நிமிடம்தான் நின்றோம். மேற்கு வாசலில் குரூப் போட்டோ, அப்புறம் கழிவறை, அப்புறம் வேன். கிளம்பும் அவசரத்தில் சொல்ல முடியாமல் போனதை இப்போது எழுதுகிறேன்.

ஆங்கில இலக்கியம் படித்தவர்கள் வேர்ட்ஸ்வொர்த்தின் ஊர் என்றீர்கள். 1798-ல் அவர் எழுதிய கவிதையின் தலைப்பில் மட்டும்தான் மடாலயம் வருகிறது, உள்ளே ஒரு வரியிலும் இல்லை. சரி, அவரை விடுவோம்.

1131-ல் செப்ஸ்டோ பிரபு வால்டர் டி கிளேர் நிலம் கொடுக்க, பிரான்சிலிருந்து வந்த சிஸ்டர்சியன் என்ற கிறிஸ்தவ சபைத் துறவிகள் வை ஆற்றங்கரையில் குடியேறினார்கள். வேல்ஸில் அந்தச் சபைக்கு அதுதான் முதல் மடம். சாயம் ஏற்றாத கம்பளி உடை, ஊர்ச் சந்தடி இல்லாத இடம் என்று கறாரான விதிகள். நாள் முழுக்க ஜெபம் என்றால் சோற்றுக்கு யார் உழைப்பது? வயலையும் ஆட்டு மந்தையையும் பார்க்கவே ‘சகோதரர்கள்’ என்ற பெயரில் தனியாக ஆட்களைச் சேர்த்துக்கொண்டார்கள். பெரும்பாலும் எழுதப் படிக்கத் தெரியாதவர்கள். நாம் போட்டோ எடுத்த பெரிய கோயிலை 1269-ல் தொடங்கி 1301-ல் அர்ப்பணித்தார்கள்.

1536-ல் இங்கிலாந்து மன்னர் எட்டாம் ஹென்றி, ஆண்டு வருமானம் 200 பவுண்டுக்குக் குறைவான மடங்களை மூடச் சொன்னார். டின்டர்னின் வருமானம் 192 பவுண்டு. எட்டு பவுண்டில் மாட்டிக்கொண்டது! கூடுதலாக இருந்திருந்தாலும் நாலு வருடம் தாங்கியிருக்கும், அவ்வளவுதான்; 1540-க்குள் மற்றவற்றையும் மூடிவிட்டார்கள். டின்டர்ன் 1536 செப்டம்பர் 3 அன்றே மன்னர் கைக்கு மாறியது. கூரையில் இருந்த ஈயத்தை உரித்து விற்றார்கள். மிச்சத்தை மழை பார்த்துக்கொண்டது.

இத்தோடு கதை முடிந்தது என்று நினைத்துத்தான் நாம் வேன் ஏறிவிட்டோம். கொஞ்சம் வடக்கே நடந்திருந்தால் அங்கிடி ஓடையைப் பார்த்திருக்கலாம். 1566 வாக்கில் அந்தத் தண்ணீரில் சக்கரம் ஓட்டிக் கம்பி இழுக்கும் பட்டறை வந்தது. அந்தக் கம்பி எங்கே போனது தெரியுமா? கம்பளியைச் சிக்கெடுக்கும் பலகைகளில் பல்லாகப் பதிக்க. துறவிகள் ஆடு வளர்த்த அதே பள்ளத்தாக்கு! ஊரில் கம்பித் தொழில் முந்நூறு ஆண்டுக்கு மேல் ஓடியது.

இடிபாடு சும்மா கிடக்கவில்லை. அதற்குள்ளேயே ஏழைகள் குடியிருந்தார்கள். 1770-ல் படகில் வந்த வில்லியம் கில்பின் என்ற பாதிரியார், கோயிலின் சுவர் முகடுகள் கண்ணுக்கு லட்சணமாக இல்லை, சுத்தியலால் கொஞ்சம் தட்டினால் தேவலை என்று எழுதியவர். அவரிடம் ஒரு கிழவி, துறவிகளின் நூலகத்தைக் காட்டுகிறேன் என்றாளாம். இரண்டு கோல்களை ஊன்றி, கால்களை இழுத்து இழுத்து முன்னே போனாள். போய்ச் சேர்ந்த இடம் இரண்டு இடிந்த சுவர்களுக்கு நடுவே ஒரு பொந்து. சுவரெல்லாம் ஈரம் வழிகிறது, மண்தரை மிதித்தால் அமுங்குகிறது, கட்டிலில் கந்தல். அவள் வீடுதான் அது. அவள் பெயரைக் கில்பின் எழுதி வைக்கவில்லை. சுத்தியல் யோசனைக்கு மட்டும் இடம் இருந்திருக்கிறது.

1901-ல் அரசு மடாலயத்தை விலைக்கு வாங்கியது. பிறகு சுவர்களை மூடியிருந்த ஐவிக் கொடிகளை நீக்கிப் பழுது பார்த்தார்கள்.

அடுத்த முறை மூன்று மணி நேரம் ஒதுக்குங்கள். துறவிகள் குளிர்காய்ந்த அறை, அவர்களின் கழிவுநீர்க் கால்வாய், அப்புறம் ஓடை, பட்டறைக்காகக் கட்டிய இரும்புப் பாலம். முட்டி தாங்குபவர்கள் குன்றேறி, 1977-ல் தீப்பிடித்த செயின்ட் மேரி தேவாலயத்தையும் பார்க்கலாம். சகதியாக இருக்கும், செருப்பு வேண்டாம். புளிசாதம் என் பொறுப்பு.

அன்புடன்,
போட்டோவில் கடைசி வரிசையில் நின்றவன்